திருகோணமலை மாவட்டத்தின் மக்கள்தொகை எப்படி மாறியது?

கேள்வி இதுதான்: கிழக்கு மாகாணத்தின் தலைநகர மாவட்டமான திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெரிய எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். ஒருகாலத்தில் இது தமிழ் மாவட்டம் என்கிறார்கள் சிலர். ஆதியிலிருந்தே சிங்கள பௌத்த நிலம் என்கிறார்கள் வேறு சிலர். இப்போது முஸ்லிம்களே அதிகம் என்றும் கேள்விப்படுகிறோம். இவற்றில் எது உண்மை, எப்படி இந்த நிலை வந்தது?

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1827இல் ஆங்கிலேயர் எடுத்த கணக்கில் மாவட்டத்தின் மொத்த மக்கள் ஏறத்தாழ 19,000 பேர். அவர்களில் தமிழர் சுமார் 82 சதவீதம், முஸ்லிம்கள் 17 சதவீதம், சிங்களவர் 1 சதவீதத்தை ஒட்டி. 2012 குடிசன மதிப்பில் மொத்தம் 379,000க்கு மேல். முஸ்லிம்கள் 40 சதவீதத்துக்கு மேல், தமிழர் சுமார் 32, சிங்களவர் சுமார் 27. இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துத்தான் பெரும்பாலான வாதங்கள் நடக்கின்றன. ஆனால் இடைப்பட்ட 185 ஆண்டுகளில் மாற்றம் ஒரே சீராக நடக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் வெவ்வேறு காரணம் இருந்தது. துறைமுகம் ஒரு கட்டத்தில், குளமும் குடியேற்றத் திட்டமும் இன்னொரு கட்டத்தில், போர் மற்றொரு கட்டத்தில். மாவட்டம் முழுமைக்கும் ஒரு சதவீதத்தைப் போட்டுப் பார்த்தால் இவை எதுவுமே கண்ணில் படாது. பற்று பற்றாக, இன்றைய பேச்சில் பிரதேச செயலாளர் பிரிவு பிரிவாகப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பழைய காலத்திலிருந்து தொடங்குகிறேன். "யார் முதலில் வந்தார்கள்" என்ற சண்டைக்கு இந்த மாவட்டத்துத் தொல்லியல் எளிதில் இடம் கொடுக்காது. கோணமலைக் குன்றின் மேல் உள்ள சிவன் கோயிலை 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். அதை ஒட்டிய காலத்திலேயே வடக்கே திரியாயில் ஒரு பெரிய பௌத்தத் தலம் இருந்தது. அங்குள்ள பாறைக் கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கடல் வணிகர் எழுப்பிய தலம் என்று அது சொல்கிறது. இன்னும் வியப்பானது பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை. சோழர் ஆட்சிக்காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே கொடை கொடுத்தவர்கள் தம் கொடையைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதாவது அது தமிழர் வழிபட்ட பௌத்தப் பள்ளி. தமிழ் என்றால் சைவம், பௌத்தம் என்றால் சிங்களம் என்று இன்று நாம் போடும் கோடு 11ஆம் நூற்றாண்டுத் திருகோணமலையில் இருந்ததில்லை. இந்த ஒரு விகாரையைப் பற்றிப் பாடசாலையில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் பல வீண் பகைகள் குறைந்திருக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

நிலாவெளியில் கிடைத்த கல்வெட்டு கோணமலை மகாதேவருக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைக் குறிப்பிடுகிறது. கந்தளாய்ப் பகுதியில் பிராமணக் குடியிருப்பு ஒன்று இருந்ததற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. பொலன்னறுவையின் அரசன் முதலாம் விஜயபாகுவின் காலத்தில், பாலமோட்டையில் ஒரு பிராமணப் பெண் தன் இறந்துபோன கணவனின் நினைவாகச் சிவன் கோயிலுக்குக் கொடை கொடுத்து, அதைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையிடம் ஒப்படைத்திருக்கிறாள். சிங்கள அரசன், தமிழ்க் கல்வெட்டு, சிவன் கோயில், தமிழ்ப் படை. எல்லாம் ஒரே கல்லில்.

கோயில் மரபு இவை அனைத்தையும் குளக்கோட்டன் என்ற அரசனோடு இணைத்துப் பேசும். கோயிலைத் திருத்தியவனும் கந்தளாய்க் குளத்தைக் கட்டியவனும் தானத்தார், வரிப்பற்றார் என்ற, கோயில் பணி செய்யும் தொழும்பாளர் குடிகளைச் சோழநாட்டிலிருந்து கொண்டுவந்து நிலம் கொடுத்தவனும் அவனே என்பது மரபு. சிங்கள மரபோ அந்தக் குளத்தை 7ஆம் நூற்றாண்டு அரசன் இரண்டாம் அக்கபோதியோடு சேர்த்துச் சொல்லும். எந்த மரபை ஏற்றாலும் ஒன்று நிச்சயம்: கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயலுக்குப் பாய்ந்தது, தம்பலகாமத்து நெல் கோயிலைத் தாங்கியது. குளமும் வயலும் கோயிலும் ஒரே ஏற்பாடாக இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் குளத்தைச் சுற்றிக் குடியேற்றம் வந்தபோது தமிழர் மனத்தில் ஏன் அவ்வளவு வலி எழுந்தது என்பதை இந்தப் பின்னணி இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது.

ஐரோப்பியர் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1620இல் டேனிஷ்காரர் வந்து போனார்கள். 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டீனோ டி சா கோயிலை இடித்தான். 1624இல் அதே கற்களைக் கொண்டு கோட்டை எழுந்தது. கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னமும் தமிழ் எழுத்துகளும் இன்றும் உள்ளன. 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1782இல் மட்டும் ஆங்கிலேயர் பிடித்து, பிரெஞ்சுக்காரர் பறித்து, கடைசியில் 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1803இல் கோட்டைக்கு பிரெட்ரிக் கோட்டை என்று பெயரிட்டார்கள்.

கோட்டை யார் கையில் இருந்தாலும் உள்ளூர் நிர்வாகம் பெரும்பாலும் வன்னிமைகள் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்களிடமே இருந்தது. திருகோணமலைப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று, காட்டுக்குளப்பற்று என்று நான்கு பற்றுகள். இந்தப் பிரிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். கொட்டியாரம் என்பது இன்றைய மூதூர், சேருவில, வெருகல் பக்கம். மகாவலி கங்கை கடலில் கலக்கும் குடா அது. கண்டி அரசுக்குக் கிழக்கே கடலைத் திறந்துவிட்ட வாசல்களில் ஒன்று. 1660இல் பாய்மரம் திருத்த வந்த ஆங்கிலக் கப்பலிலிருந்து ரொபேர்ட் நொக்ஸ் கண்டி அரசன் ஆட்களிடம் சிக்கியதும் இந்தக் கொட்டியாரத்தில்தான்.

முஸ்லிம்களின் வருகையையும் இங்கே வைத்துப் பார்ப்பது பொருத்தம். "வியாபாரத்துக்கு வந்தவர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது அநியாயம். கடல் வணிகமும் கண்டிக்குப் பொதிமாடுகளில் சரக்கு ஏற்றிச் சென்ற தவள வணிகமும் ஒரு பக்கம். 1620களில் போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி அரசன் செனரத் அவர்களுக்குக் கிழக்கில் இடம் கொடுத்தது இன்னொரு பக்கம். அவர்களில் பெரும்பகுதியினர் மட்டக்களப்புப் பக்கம் குடியமர்ந்தார்கள் என்றாலும், கிழக்குக் கரை முழுவதும் முஸ்லிம்கள் வேரூன்ற அது உதவியது. கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் வாழ்வோர் தலைமுறை தலைமுறையாக நெல் விதைப்பவர்கள், கடலில் வலை போடுபவர்கள், காட்டோரம் மாடு வளர்ப்பவர்கள். மொழி தமிழ். 1827இல் 17 சதவீதமாக இருந்த இவர்கள் 1921இல் சுமார் 37 சதவீதம். அந்த நூறாண்டில் எந்தக் குடியேற்றத் திட்டமும் இல்லை. முஸ்லிம்களின் பங்கு உயர்ந்தது அண்மைக் காலத்தில் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

சிங்களவரைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1921இல் மாவட்டம் முழுவதும் அவர்கள் ஏறத்தாழ 1,500 பேர்தான், 4 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவு. ஆனால் அந்தச் சிறு தொகையில் காட்டுக்குளப்பற்றின் உட்புறத்தில் குளங்களை நம்பி வாழ்ந்த பழைய சிற்றூர் மக்களும் உண்டு. இன்றைய கோமரங்கடவல, தமிழில் குமரேசன்கடவை, அந்தப் பக்கம்தான். எனவே மாவட்டத்துச் சிங்களவர் அனைவரையும் குடியேற்றவாசிகள் என்று சொல்வது தவறு. மிகப் பெரும்பாலானோர் இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்களின் வழியினர் என்பது மட்டும் சரி.

வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர் தெற்குப் பகுதிகளில் கடலோர வேடர் சமூகம் ஒன்று வாழ்கிறது. அவர்கள் பேசுவது தமிழ். குடிசன மதிப்பில் பெரும்பாலும் தமிழராகவே எழுதப்படுவதால் எந்தச் சதவீதக் கணக்கிலும் அவர்கள் தெரிவதில்லை. நகரத்தில் பறங்கியர் குடும்பங்களும் ஆப்பிரிக்க வழிவந்த காப்பிரி மக்களில் சிலரும் உண்டு. மூவினம் மூவினம் என்று நாம் பேசும்போது இவர்கள் எப்போதும் விடுபட்டுப் போகிறார்கள். கிழக்கின் மிகப் பழைய குடியே கணக்கில் காணாமற்போவது சிறிய விஷயம் அல்ல.

1921க்கும் 1946க்கும் நடுவில் நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. மொத்த மக்கள்தொகை 34,000லிருந்து ஏறத்தாழ 76,000ஆகப் பாய்ந்தது. சிங்களவர் 1,500லிருந்து 11,600க்கு வந்தார்கள். பெரிய குடியேற்றத் திட்டங்கள் அப்போது வரவில்லை. காரணம் துறைமுகம். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இது. ஆங்கிலேயர் அதைக் கடற்படைத் தளமாகப் பெருப்பித்தார்கள். சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1927இல் ரயில் பாதை வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9இல், ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அதன் பிறகும் போர் முடியும் வரை தளம் பெருகிக்கொண்டே போனது. தென்னிலங்கைச் சிங்களவர், யாழ்ப்பாணத் தமிழர், தென்னிந்தியத் தொழிலாளர், மலையாளிகள் எல்லோரும் தளத்து வேலைக்கு வந்தார்கள். 1946இல் தமிழரின் எண்ணிக்கையும் பெரிதும் கூடியது, ஆனால் பங்கு 45 சதவீத அளவுக்கு இறங்கியது. அதாவது தமிழர் பெரும்பான்மை இழந்தது சுதந்திரத்துக்கு முன்பே. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. எண்கள் அப்படித்தான் இருக்கின்றன.

அடுத்த கட்டம் வேறு வகையானது. துறைமுகம் வேலை தேடி வந்தவர்களைச் சேர்த்தது. குடியேற்றத் திட்டம் அரசு தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டுவந்து இருத்தியது. இந்த வேறுபாடு முக்கியம்.

1931இல் விவசாய அமைச்சரான டி. எஸ். சேனநாயக்க வறண்ட வலயத்துப் பழைய குளங்களைத் திருத்தி, காணியற்ற விவசாயிகளைக் குடியேற்றுவதைத் தன் வாழ்நாள் பணியாகவே கொண்டார். 1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது. அரசு காணியை உத்தரவுப்பத்திரத்தின் கீழ் கொடுக்கும் முறை அதுதான். ஈரவலயத்து நெரிசலையும் வறண்ட வலயத்துப் பாழடைந்த குளங்களையும் பார்த்தால் நோக்கத்தில் நியாயம் இருந்தது. ஆனால் காணியை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தது கொழும்பு. திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய், அல்லை, முதலிக்குளம் எனப்படும் மொறவெவ, பதவியாத் திட்டத்தின் ஒரு பகுதியான பதவிசிறிபுர என்று 1950கள் முதல் வரிசையாகக் குடியேற்றங்கள் எழுந்தன. தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கந்தளாய்க்குள் பேராறு முஸ்லிம் ஊர், அல்லைப் பக்கம் தமிழ் ஊர்களும் உண்டு. ஆனால் பெரும்பங்கு வெளிமாவட்டச் சிங்களக் குடும்பங்களுக்கே போனது. 1953இல் 15,300 ஆக இருந்த சிங்களவர் பத்தே ஆண்டில் 39,900 ஆனார்கள். பங்கு 18இலிருந்து 29 சதவீதமாக ஏறியது. 1981இல் 85,500.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1921 முதல் 1981 வரை தமிழர் தொகை ஏறத்தாழ 5 மடங்கு, முஸ்லிம்கள் தொகை 6 மடங்கை நெருங்கியது, சிங்களவர் தொகை 57 மடங்கு. எந்தச் சமூகத்திலும் பிறப்பு விகிதத்தால் 60 ஆண்டில் 57 மடங்கு வராது. ஆகவே இது அரசின் திட்டத்தாலும் துறைமுகத்தாலும் வந்த மாற்றம் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. அதே வேளையில், கேகாலையிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஒரு துண்டுக் காணிக்காக வந்து, மலேரியாவுக்கும் யானைக்கும் நடுவில் காடு வெட்டிய ஏழைக் குடும்பத்தை ஆக்கிரமிப்பாளன் என்று திட்டுவதையும் என்னால் ஏற்க முடியாது. தீர்மானம் எடுத்தவர்கள் வேறு, மண்வெட்டி பிடித்தவர்கள் வேறு.

அரசியலில் இது உடனே எதிரொலித்தது. 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையிலேயே கூட்டியது. அங்கே வைத்த கோரிக்கைகளில் ஒன்று தமிழ்ப் பகுதிகளில் அரசு குடியேற்றத்தை நிறுத்துவது. அடுத்த ஆண்டு பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் காணி பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டது. 1958இல் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்த உடன்பாட்டில், வடக்குக் கிழக்கில் காணி முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு, பிறகு அப்பகுதித் தமிழ் பேசும் மக்களுக்கு என்று வரிசையே எழுதப்பட்டது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. 1968இல் கோணேசர் கோயில் சூழலைப் புனித பூமியாக்க ஆராயும் குழுவைப் பிரதமர் கலைத்ததும், தமிழரசுக் கட்சியின் அமைச்சர் மு. திருச்செல்வம் பதவி விலகி, கட்சியும் அரசை விட்டு வெளியேறியது. குடியேற்றமும் கோயிலும் இந்த மாவட்டத்தில் எப்போதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

தேர்தல் தொகுதிகளும் மக்கள்தொகையைத் தொடர்ந்து வந்தன. 1960 முதல் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடத்தில் இருவருக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. 1976 எல்லை மீள்நிர்ணயத்தில் சிங்களப் பெரும்பான்மையுள்ள சேருவில தொகுதி புதிதாக வந்தது. 1977 தேர்தலில் திருகோணமலையில் இரா. சம்பந்தன், மூதூரில் எம். ஈ. எச். மஹ்ரூப், சேருவிலவில் எச். டி. லீலாரத்ன என்று ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒருவர். 1981 குடிசன மதிப்பும் கிட்டத்தட்ட அதே படத்தைத்தான் காட்டியது. மலையகத் தமிழரையும் சேர்த்துத் தமிழர் 36 சதவீதம், சிங்களவர் 33, முஸ்லிம்கள் 29. "மூவரும் சமம்" என்று சிலர் சொல்வது இந்த 1981 எண்ணிக்கையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சமநிலை நீடிக்கவில்லை.

போர்க்காலம் பற்றி எழுதுவது கடினம். எந்தச் சமூகத்தின் இழப்பைச் சொன்னாலும் மற்றதை மறைத்ததாகத் தோன்றும். சிலவற்றையாவது சொல்லியாக வேண்டும். 1984இல் மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள தென்னமரவாடித் தமிழர் விரட்டப்பட்டார்கள். போர் முடிந்த பிறகுதான் திரும்பினார்கள். திரியாய் உட்படப் பல தமிழ் ஊர்கள் 1985ஐ ஒட்டி வெறிச்சோடின. 1987 ஏப்ரலில் ஹபரணை–திருகோணமலை வீதியில் பேருந்துகளில் சென்ற 127 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் சிங்களவர். 1995இல் கல்லராவ சிங்கள மீனவக் கிராமத்தில் 42 பேர் கொல்லப்பட்டார்கள். 1996இல் கிளிவெட்டியை அடுத்த குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டார்கள். இடையில் 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கிண்ணியா ஆஸ்பத்திரியையும் கடல் விழுங்கியது.

2006இல் மாவிலாறு. வெருகல் ஆற்று நீரை வயலுக்குத் திருப்பும் மதகு அது. யூலையில் விடுதலைப் புலிகள் அதை மூடினார்கள். அந்த நீரை நம்பியிருந்தவர்கள் சேருவிலப் பக்கச் சிங்களவர், மூதூர்ப் பக்க முஸ்லிம்கள், அல்லைத் தமிழர் என மூவருமே. மதகைத் திறக்கத் தொடங்கிய இராணுவ நடவடிக்கையே கடைசிப் போரின் தொடக்கமானது. ஓகஸ்டில் மூதூரில் சண்டை. முஸ்லிம்கள் கூட்டம் கூட்டமாகக் கந்தளாய்க்கு ஓடினார்கள். ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சம்பூர்த் தமிழர் இடம்பெயர்ந்து, அவர்கள் காணியின் பெரும்பகுதி அனல்மின் நிலையத்துக்கும் கடற்படைக்கும் என்று ஒதுக்கப்பட்டு, ஒன்பது, பத்து ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்திருந்துதான் ஊர் திரும்பினார்கள். நிலக்கரி அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது.

இப்போது எண்களுக்குத் திரும்புவோம். 1981இல் முஸ்லிம்கள் 75,000. 2012இல் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. 31 ஆண்டில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 2.2 சதவீதத்தை ஒட்டிய வளர்ச்சி. ஒரு கிராமியச் சமூகத்தில் இது இயல்பான பிறப்புப் பெருக்கத்தால் வரக்கூடியதே. இதற்கு இரகசியக் குடியேற்றம் என்று கதை கட்டத் தேவையில்லை. இயல்புக்கு மாறாக இருப்பது மற்ற இருவரின் கணக்கு. தமிழர் 93,000லிருந்து ஏறத்தாழ 122,000க்கு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வளர்ச்சி. இறந்தவர்கள், இந்தியாவுக்கு அகதியாய்ப் போனவர்கள், வெளிநாடு போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். சிங்களவர் 85,500லிருந்து சுமார் 102,000. 2007 சிறப்புக் கணக்கெடுப்பில் அவர்கள் 1981ஐ விடச் சற்றுக் குறைந்தே இருந்தார்கள். எல்லைக் கிராமங்களை விட்டு ஓடியவர்களின் தடம் அது. முஸ்லிம்களும் மூதூரிலும் புல்மோட்டைப் பக்கமும் இடம்பெயர்ந்தார்கள், ஆனால் பெரும்பாலும் மாவட்டத்துக்குள்ளேயே சுழன்றார்கள். ஆகவே அவர்கள் பங்கு உயர்ந்ததற்குப் பாதிக் காரணம் மற்றவர்கள் வெளியேறியது.

மேலே பற்றுகளை மனத்தில் வைக்கச் சொன்னேன். இன்று 11 பிரதேச செயலாளர் பிரிவுகள். கிண்ணியா கிட்டத்தட்ட முழுக்க முஸ்லிம். வெருகல் கிட்டத்தட்ட முழுக்கத் தமிழ். கோமரங்கடவலவும் பதவிசிறிபுரவும் கிட்டத்தட்ட முழுக்கச் சிங்களம். கந்தளாயிலும் சேருவிலவிலும் மொறவெவவிலும் சிங்களவர் பெரும்பான்மை, மற்றவர்களும் உண்டு. மூதூரிலும் குச்சவெளியிலும் தம்பலகாமத்திலும் முஸ்லிம்கள் அதிகம், தமிழர் அடுத்து. பட்டினமும் சூழலும் பிரிவில் தமிழர் அதிகம், ஆனால் அங்கேதான் மூவரும் உண்மையில் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். கரையோரம் நெடுகத் தமிழ் பேசும் ஊர்கள், உள்ளே குளங்களைச் சுற்றிச் சிங்கள ஊர்கள் என்பதே பொதுவான அமைப்பு. "பல்லின மாவட்டம்" என்றால் எல்லா ஊரிலும் எல்லோரும் கலந்திருக்கிறார்கள் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். நகரத்தையும் சில சந்திகளையும் விட்டால், ஊர்கள் தனித்தனி. சந்தையும் வைத்தியசாலையும் வாய்க்காலும் மட்டும் பொது.

கடைசியாக "தலைநகரம்" என்ற விஷயம். 1833இல் கிழக்கு மாகாணம் உருவானபோது தலைநகரம் திருகோணமலைதான். 1870இல் அது மட்டக்களப்புக்கு மாறியது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டு, 1988இல் அந்த மாகாண சபை திருகோணமலையில் அமர்ந்தது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாது என்றது. 2007 முதல் கிழக்கு தனி மாகாணம், தலைநகரம் மீண்டும் திருகோணமலை. 2008 முதல் இருந்த மூன்று முதலமைச்சர்களில் முதலாமவர் தமிழர், அடுத்த இருவர் முஸ்லிம்கள். 37 உறுப்பினர் கொண்ட அந்தச் சபையின் காலம் 2017இல் முடிந்தது. அப்போதிருந்து மாகாணத்தை ஆளுநரே நடத்திவருகிறார்.

இதனால்தான் சதவீதம் இங்கே வெறும் புள்ளிவிவரமாக இருப்பதில்லை. பாராளுமன்றத்துக்கு 4 ஆசனங்கள், காணிக் கச்சேரியில் உத்தரவுப்பத்திரம், புதிய செயலகப் பிரிவின் எல்லை, பாடசாலை எந்த மொழியில் என்பது எல்லாம் தலைக்கணக்கில் தொங்குகின்றன. கன்னியா வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிய தகராறும், 2020இல் கிழக்கின் தொல்லியல் இடங்களுக்கென அமைத்த செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லாததும் அதே அச்சத்தை மறுபடி கிளப்பின. வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது அந்த மேசையில் இருந்திருக்க வேண்டாமா?

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் என்றால்: கடைசி இருநூறு ஆண்டுகளின் தொடக்கத்தில் இது தமிழர் மிகப் பெரும்பான்மையாக வாழ்ந்த மாவட்டம், 1946க்குள் எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மாவட்டம், இன்று முஸ்லிம்கள் முதலிடத்தில். இனி யாராவது ஒரு சதவீதத்தைச் சொல்லி வாதாடினால், அது எந்த ஆண்டுக் கணக்கு, மலையகத் தமிழரைச் சேர்த்தா சேர்க்காமலா, எந்தப் பிரதேச செயலாளர் பிரிவு என்ற மூன்றையும் கேளுங்கள்.